மோடம் அன்னம்மாள் வீட்டில், கம்ப்யூட்டர் விஜி வீட்டில்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மொழிபெயர்க்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

டிடிபி கடை வைத்திருக்கும் என் நண்பன் ஓஸ்வால்ட் ஒரு நாள் நாலு பக்க ஆங்கிலத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டான். கேபிள் மோடத்தையும் ரௌட்டரையும் வீட்டில் எப்படி மாட்டுவது என்று படிப்படியாகச் சொல்லும் தாள். மொத்தம் ஒன்பது படி. "புதன்கிழமைக்குள்ள தமிழ்ல போட்டுக் குடு மச்சான்" என்றான். கதை எழுதுகிறவனுக்கு இதென்ன பிரமாதம் என்று நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் படி: கணினியை அணைக்கவும். எழுதியாயிற்று. இரண்டாம் படி: சுவரில் உள்ள கேபிள் முனையை மோடத்தோடு இணைக்கவும். அதுவும் ஆயிற்று. நாலாவது படியில் பேனா நின்றுவிட்டது. மோடத்தை அணைத்து, முப்பது விநாடி காத்திருந்து, மறுபடி போடவும். சரி, போடலாம். யார் போடுவது?

அந்தத் தாளை எழுதினவர் வீட்டில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு முனை, முனைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசை முன்னால் தன்னந்தனியாக ஒரு ஆள். அந்த ஆளைப் பார்த்துத்தான் ஒன்பது படியும் பேசுகிறது. நான் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவன். அங்கே ஒரு கேபிள் ஒரே வீட்டோடு முடிந்து நான் பார்த்ததில்லை. நாலாவது படியை என் கை தன்பாட்டுக்கு இப்படி எழுதிவிட்டது:

"பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மோடத்தை அணைக்கச் சொல்லவும். அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால் சுவரைத் தட்டவும்."

ஓஸ்வால்ட் படித்தான். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யாருடா இந்த அக்கா?"

"அன்னம்மாள்" என்றேன். பெயர் எங்கிருந்து வந்து குதித்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மொழிபெயர்ப்பு வேலை அன்றோடு போயிற்று. அன்னம்மாள் போகவில்லை. மேசைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, தலைக்குக் கொண்டை போட்டுக்கொண்டே, "அப்புறம்?" என்றாள்.

2

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன். ஒளிப்பானேன், இதோ:

(அ) "2005ஆம் ஆண்டு மே மாதம், சனிக்கிழமை காலை சுமார் பதினொரு மணியளவில், ஸ்ரீராம்புரம் குறுக்குத் தெரு ஒன்றில்—" வேண்டாம். ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கும் புகார் மாதிரி இருக்கிறது.

(ஆ) "தகவல் தொழில்நுட்பம் என்னும் பெருவெள்ளம் பெங்களூரின் சந்து பொந்துகளிலும் புகுந்து—" ஐயோ சாமி! பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. இரண்டாம் பரிசுகூடக் கிடைக்காது.

(இ) "விஜியும் அன்னம்மாளும் பேச்சை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்னம்மாள் வீட்டிலிருந்து விஜி வீட்டுக்கு வரும் கேபிள் வயரை இரண்டு பேரில் ஒருவரும் பிடுங்கவில்லை."

இது இருக்கட்டும்.

அந்த வயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருக் கம்பத்திலிருந்து கேபிள் நேராக அன்னம்மாள் வீட்டுக்கு வருகிறது. அங்கே டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர்.* அதிலிருந்து ஒரு வயர் அன்னம்மாள் சமையல்கட்டு ஜன்னல் வழியாக வெளியேறி, விஜியின் சமையல்கட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, விஜியின் டிவிக்குப் போகிறது. அங்கே இன்னொரு ஸ்ப்ளிட்டர். அது மாடியில் இருக்கும் மௌரீனுக்கு. ஆகக்கூடி ஒரு கனெக்‌ஷன், மூன்று டிவி. இது திருட்டு இல்லையா என்று கேட்பீர்கள். கேபிள்காரன் ஹரிஷ்குமாரே வந்து மாட்டிக்கொடுத்து, காபி நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு இது. அந்தச் சந்தில் யாரோடு யார் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை, அண்ணாந்து வயரைப் பார்த்தால் போதும்.

*ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் கட்டைவிரல் அளவு டப்பா. வயரைப் பிரிக்கும்போது சிக்னலையும் பாதிப் பாதியாகப் பிரித்துவிடும். டிவிக்கு அது பரவாயில்லை. மோடம் அப்படிப் பாதி வாங்கிக்கொண்டு சும்மா இருக்காது.

பேச்சு ஏன் நின்றது? விஜிக்கு முப்பத்து நாலு வயது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிவைப்பதைக் காதில் கேட்டு அப்படியே டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி, அதனால் ஷிப்ட் முடிந்து கம்பெனி கார் அவளை இரண்டு மணிக்குச் சந்து முனையில் இறக்கிவிடும். பிப்ரவரியில் ஒரு நாள், குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நிற்கையில், அன்னம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்: "அது இன்னாம்மா கம்பெனி, பொம்பளைய ராத்திரி ரெண்டு மணிக்குக் கொண்டாந்து எறக்கி உடற கம்பெனி?"

ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். விஜி காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐந்து வருஷமாக அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். அன்றோடு அதை நிறுத்திவிட்டாள்.

(எனக்கு அன்னம்மாளைப் பிடிக்கும். அதனால் இரண்டாவது வரைவில் இந்த வசனத்தைப் பிடுங்கி மௌரீனிடம் கொடுத்துப் பார்த்தேன். மௌரீன் வாயில் அது நிற்கவே இல்லை. சொன்னது அன்னம்மாள்தான். நான் என்ன செய்ய?)

3

இப்போது கதையின் முடிச்சு. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் புரியவில்லை என்று என்மேல் பழி போடக்கூடாது.

கம்பெனியில் சில பேரை மட்டும் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவதாக அறிவித்தார்கள். விஜி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். டீம் லீடர் வைஷ்ணவி ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணுலேந்து நாலு டெஸ்ட், விஜி. வீட்டுலேந்து எங்க சர்வருக்குள்ள வரணும். வாய்ஸ் நேரா லைன்ல வரும், கேட்டுக்கிட்டே அடிக்கணும். ஒன் அவர்ல ஒரு வாட்டி கூட லைன் டிராப் ஆகக்கூடாது. ஆச்சுன்னா லிஸ்ட்ல அடுத்த பேரு. ஸாரி, ஆனா அதான் ரூலு."

வீட்டிலிருந்து செய்தாலும் அதே ராத்திரி வேலைதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, நைட்டியோடு, பக்கத்து அறையில் புருஷன் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டே செய்யலாம். கார் சத்தம் கிடையாது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கிடையாது. அதைக் கேட்டு எந்த வீட்டு ஜன்னலும் திறக்காது. விஜிக்கு அந்த வேலை வேண்டும். ரொம்ப, ரொம்ப வேண்டும்.

சனிக்கிழமை ஹரிஷ்குமார் மோடத்தோடு வந்தான். சுண்ணாம்பு நிறத்தில் ஒரு பெட்டி, முன்னால் நாலு விளக்கு. நாலும் எரிந்தால் நெட் வந்தது என்று அர்த்தம். விஜி வீட்டு வயரில் மாட்டினான். ஒன்று எரிந்தது. காத்திருந்தார்கள். அந்த ஒன்றே எரிந்துகொண்டிருந்தது.

"இல்லி சிக்னல் பர்த்தா இல்லா அக்கா, வரவே மாட்டேங்குது" என்றான் ஹரிஷ்குமார், பாதிக் கன்னடத்தில். "அந்த வீட்டு ஸ்ப்ளிட்டரத் தாண்டி, இந்தப் பழைய வயர்ல மூணு ஜாயிண்டு தாண்டி, இங்க வர்றதுக்குள்ள அது செத்தே போவுது."

"அப்ப கம்பத்துலேந்து புதுசா ஒரு வயர் இழுத்துக் குடுப்பா."

"வயர் டிரம்மே பந்தில்லா, இன்னும் வரல. வயர் வந்தாத்தானே இழுக்கறது? பத்து நாள் ஆவும்."

"நாளைக்கு டெஸ்டுப்பா!"

ஹரிஷ்குமார் தலையைச் சொறிந்தான். பிறகு கட்டைவிரலைப் பின்பக்கமாக, அன்னம்மாள் வீட்டுச் சுவரைப் பார்த்துக் காட்டினான். "அங்க வெச்சா ஜம்முனு ஓடும்."

4

பேச்சுவார்த்தை வாசலில் நடந்தது. அன்னம்மாள் அவள் வாசற்படியில். விஜி அவள் வாசற்படியில். நடுவில் ஆறடி. அந்த ஆறடியில் விஜியின் புருஷன் சீனு. ஆட்டோ ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் சேல்ஸ்மேன், யாரோடும் சண்டை போடத் தெரியாதவன்.

"ஏங்க, மோடத்த அங்க வெக்கலாமான்னு கேளுங்க."

"அக்கா, மோடத்த இங்க—"

"காது கேக்குது சீனு. வெச்சா எங்களுக்கு இன்னா லாபம்னு கேளு."

"விஜி, அவங்களுக்கு இன்னா—"

"என்ன வேணும்னு கேளுங்க."

"அக்கா, என்ன—"

"எங்க பொண்ணு ரக்ஷிதா பிசிஏ படிக்குது. லீவு முடிஞ்சி அடுத்த வாரம் வருது. அதும் கம்ப்யூட்டர்லயும் நெட்டு வரணும். அப்பன்னா வெக்கலாம்."

சீனு திரும்பி வாயைத் திறந்தான். "சரின்னு சொல்லுங்க" என்று விஜி உள்ளே போய்விட்டாள். பாவம், அவன் வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

மோடத்தில் ஒரே ஒரு துளைதான் உண்டு. இரண்டு கம்ப்யூட்டருக்கு நெட் போகவேண்டுமானால் நடுவில் ரௌட்டர் வேண்டும். சீனு கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், ரௌட்டரும் இருபது மீட்டர் நீல வயரும் வாங்கிவந்தான். ரௌட்டர் மாட்டுவது தன் வேலை இல்லை என்று ஹரிஷ்குமார் கழன்றுகொண்டான். "பெட்டியிலயே பேப்பர் இருக்குது, அதப் பாத்து நீங்களே மாடிக்கோங்க."

அந்தப் பேப்பர்தான், ஐயா. ஒன்பது படி.

5

(முதல் வரைவில் மறுநாள் எல்லாவற்றையும் சீனுவே மாட்டினான். விஜி டீ போட்டுக் கொடுத்து, பக்கத்தில் நின்று வியந்தாள். என் மனைவி சரசு அதைப் படித்துவிட்டு, "நம்ம வீட்டு மிக்ஸிக்கு பிளக்கு மாட்டினது யாரு?" என்று மட்டும் கேட்டாள். மாட்டினது அவள்தான். அந்த வரைவைக் கிழித்துவிட்டேன்.)

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி. அன்னம்மாள் வீட்டு ஷோகேஸ் மேல், இருபத்தொன்பது இஞ்ச் டிவிக்குப் பக்கத்தில், விஜி மோடத்தையும் ரௌட்டரையும் வைத்தாள். போன தீபாவளிக்கு வாங்கின டிவி. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அன்னம்மாள் இன்னும் உரிக்கவில்லை. அன்னம்மாள் சமையல்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் முப்பது அப்பளம் பொரித்திருப்பாள். தாளித்த ரசத்தையே மறுபடி தாளித்தாள். விஜி பல்லைக் கடித்துக்கொண்டு நீல வயரை ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக்கு விட்டாள்.

மோடத்தில் நாலு விளக்கும் எரிந்தது! சீனு கை தட்டினான். விஜி ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். பக்கத்தைக் காட்ட இயலவில்லை என்றது.

நாலாவது படி. மோடத்தை அணைத்து, முப்பது விநாடி காத்திருந்து, மறுபடி போடவும்.

புரிகிறதா சிக்கல்? நெட் வந்ததா என்று பார்க்கவேண்டியது இந்த வீட்டில். அணைக்கவேண்டியது அந்த வீட்டில். சீனு ஓடினான். அணைத்தான், எண்ணினான், போட்டான், திரும்பி ஓடிவந்தான். வரவில்லை. மறுபடி ஓடினான். வரவில்லை. ஏழாவது தடவை, அன்னம்மாள் கழுவிவிட்டிருந்த வாசலில் வழுக்கி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. "ஒன்னும் ஆவல, ஒன்னும் ஆவல" என்று உட்கார்ந்தபடியே சொன்னான். கணுக்கால் பூரி மாதிரி உப்பிவிட்டது.

மணி இரண்டு பத்து.

வழுக்கி உட்கார்ந்த சீனுதான் வழி சொன்னான். அவனுக்கு மூளை உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். "அக்கா, விஜி செவுத்துல ஒரு தட்டு தட்டுனா ஆஃப். ரெண்டு தட்டு தட்டுனா ஆன். பேச வேணாம்."

"பேசச் சொல்லி யாரு கேட்டா?" என்றாள் அன்னம்மாள்.

டொக். அணைந்தது. டொக் டொக். எரிந்தது. வரவில்லை.

டொக். டொக் டொக். வரவில்லை.

மணி இரண்டரை. விஜிக்கு நெற்றி வேர்த்துக் கண்ணில் இறங்கியது. பேப்பரை மறுபடி எடுத்தாள். ஆறாவது படி: மோடத்தின் நாலு விளக்கும் எரிந்த பிறகே ரௌட்டரைப் போடவும். பிறகே! அப்படித்தானே செய்கிறோம் என்று நினைத்தவளுக்கு, ஷோகேஸ் பக்கத்தில் பார்த்தது ஞாபகம் வந்தது. நீளமான ஜங்ஷன் பாக்ஸ். டிவி, மோடம், ரௌட்டர் மூன்றும் அதில். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சிவப்பு சுவிட்ச். அன்னம்மாளுக்கு மின்சாரம் என்றால் அது ஒன்றுதான்: அணைத்தால் எல்லாம் அணையவேண்டும், போட்டால் எல்லாம் எரியவேண்டும். மோடம் தூங்கி எழுவதற்குள் ரௌட்டர் விழித்துக்கொண்டு, "இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று முறுக்கிக்கொள்கிறது. சீனுவும் அதே சிவப்பு சுவிட்சைத்தான் ஏழு தடவையும் தட்டியிருக்கிறான்.

மோடத்தை மட்டும் தனியாகப் பிடுங்கு, ரௌட்டரை அப்புறம் சொருகு. இதைச் சுவரில் எத்தனை தட்டுத் தட்டிச் சொல்வது?

6

இங்கே நான் நான்கு நாள் எழுதாமல் இருந்தேன்.

மூன்று மாத மௌனம் உடையப்போகிறது. விஜியின் உதடு துடிக்கவேண்டும், அன்னம்மாளின் கண் கலங்கவேண்டும், இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு காற்று வீசவேண்டும் என்றெல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். "விஜி மெல்ல ஜன்னலருகே வந்தாள். அவளுடைய விழிகளில்—" என்று ஆரம்பித்தும் விட்டேன். விஜி நின்று கேட்கவில்லை. மணி இரண்டு முப்பத்தெட்டு. சமையல்கட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"அக்கா! சுவிட்ச தொடாதீங்க! ரெண்டாவது பிளக்க மட்டும் புடுங்குங்க!"

அன்னம்மாள் ஜங்ஷன் பாக்ஸ் பக்கம் குனிந்தாள்.

"மேலேந்து ரெண்டாவதா, கீழேந்து ரெண்டாவதா?"

அவ்வளவுதான். என் காற்றும் போச்சு, விழிகளும் போச்சு.

"எப்படிப் பாத்தாலும் நடுவுலதான்க்கா! மொத்தமே மூணுதான்!"

"அதான் கேக்கறேன்! நடுவுன்னு சொல்ல வேண்டியதுதான! புடுங்கிட்டேன். எத்தினி எண்ணணும்?"

"முப்பது!"

"ஒண்ணு, ரெண்டு, மூணு— ரசம் பொங்குதுடீ, இரு— பத்து, பதினொண்ணு—"

"அக்கா, நடுவுல உட்டுட்டீங்க!"

"பொங்கும்போதும் மனசுல எண்ணிக்கினுதான் இருந்தேன், நீ சும்மா இரு!"

பிளக்கைச் சொருகினாள். ஒரு விளக்கு. இரண்டு. "மூணாவது கண்ணடிக்குது!" என்று அன்னம்மாள் வர்ணனை கொடுத்தாள். "நின்னுடுச்சு! நாலாவது... நாலாவது... வந்துடுச்சுடீ!" இப்போ ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கிச் சொருகுங்க என்றாள் விஜி. அன்னம்மாள் சொருகினாள். விஜி கம்ப்யூட்டர் முன்னால் ஓடி உட்கார்ந்தாள். மேலே நீலக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. வெள்ளைப் பக்கம் ஒன்று விரிந்தது.

"வந்துச்சுக்கா!"

"வராம எங்க போவும்!" என்றாள் அன்னம்மாள், ஏதோ அமெரிக்காவிலிருந்து தானே தோளில் தூக்கி வந்த மாதிரி. வாசலில் உட்கார்ந்திருந்த சீனு, யாரும் கேட்காமலே முப்பது அப்பளத்தில் நாலைத் தின்றிருந்தான்.

7

இங்கே முடித்திருக்கலாம். சரசுவும் அதைத்தான் சொன்னாள். "சேர்ந்துட்டாங்க, நெட் வந்துடுச்சு, எழுந்து சாப்பிட வாங்க." ஆனால் டெஸ்ட் இருக்கிறதே. அது நடக்காமல் எப்படிச் சாப்பிடுவது?

மூன்று மணிக்கு விஜி ஹெட்போன் மாட்டினாள். வைஷ்ணவியின் குரல் "ஆல் தி பெஸ்ட்" என்றது. பிறகு ஒரு டாக்டர், வாயில் எதையோ மென்றுகொண்டே, ஐம்பத்தேழு வயது ஆள் ஒருவரின் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். விஜியின் விரல்கள் ஓடின. மூன்றே கால். மூன்றரை. லைன் அசையவில்லை. முழங்கால் முடிந்து நெஞ்சுச்சளி வந்தது.

மூன்று நாற்பதுக்கு, டாக்டர் மூச்சை இழுத்துவிடச் சொன்ன இடத்தில், ஒரு பெரிய உறுமல் கேட்டது. டாக்டர்தான் இருமுகிறார் என்று முதலில் விஜி நினைத்தாள். ஒரு காதை விடுவித்தாள்.

மே மாதத்து மழை. சொல்லாமல் வந்து நிற்கும் மழை. அந்தச் சந்தில் முதல் இடிக்கு ஒரு முறை உண்டு. யாராவது ஒருவர் "வயரைப் புடுங்கு!" என்று கத்துவார். அடுத்த வீடு அதை வாங்கிக் கத்தும். தெரு முனை வரை போகும். இடி கேபிளில் இறங்கி இரண்டு மூன்று டிவியைப் பொசுக்கியதை எல்லாரும் பார்த்தவர்கள். இப்போதும் மாடியிலிருந்து மௌரீன் கத்தினாள்: "வயரைப் புடுங்குங்கோ!" எதிர்வீடு கத்தியது. சந்து முழுக்க ஷோகேஸ் நகரும் சத்தம்.

(மழை வந்தால் கரண்ட் போகுமே என்பீர்கள். அன்று போகவில்லை. எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரமாவது வேண்டாமா?)

மௌரீன் பிடுங்கினால் விஜிக்கு ஒன்றுமில்லை. அன்னம்மாள் பிடுங்கினால் எல்லாம் போச்சு. அந்தப் பெரிய டிவிக்குப் பின்னால் கை நுழையாது. அதனால் அன்னம்மாள் எப்போதும் தெருவிலிருந்து வரும் வயரை, ஜன்னல் ஓரத்து ஜாயிண்டில் பிடித்து மொத்தமாகக் கழற்றிவிடுவாள். டிவி பிழைக்கும். மோடத்துக்கு லைன் போய்விடும். அதற்கும் மேலே, அன்னம்மாளுக்கு இடி என்றால் உயிர் நடுங்கும். சின்ன வயதில் அத்திபெலேயில் எதிர்த்த மரம் நின்ற நிலையில் எரிந்ததைப் பார்த்தவள். மின்னல் வெட்டினால் பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டாள்.

விஜிக்கு இது அத்தனையும் தெரியும். இன்னும் பதினெட்டு நிமிஷம். அவள் விரல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அந்த டிவியை வாங்கின அன்று அன்னம்மாள் சந்து முழுக்க லட்டு கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவள் வீட்டில், அவள் சுவரில், அவள் வயரில், என் வேலைக்காக. போனால் போகட்டும், அடுத்த பெயர்க்காரிக்குப் போகட்டும் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கையால் அடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"அக்கா! புடுங்கிடுங்க! பரவால்ல!"

ஒரு வரி அடித்துவிட்டு மறுபடி கத்தினாள்:

"டிவி போயிடும்க்கா! புடுங்கிடுங்க!"

"நீ அடிடீ!" என்றது அந்தப் பக்கம். குரல் நடுங்கிக் கீச்சென்று வந்தது. "எவ சொன்னா நான் புடுங்குவேன்னு? அடி நீ!"

சீனு நொண்டிக்கொண்டே அன்னம்மாள் வீட்டுக்குள் போனான். அன்னம்மாள் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். ஜாயிண்ட் அவள் கைக்குள் இருந்தது. ஆனால் பிடுங்கவில்லை. காற்றில் ஆடிக் கழன்றுவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். சாமி பெயர்களையெல்லாம் வரிசை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கைய எடுங்கக்கா, வயருக்கா, இடி எறங்குனா—"

"கிட்ட வந்தா ஒதைப்பேன்! இது லூசா கீது, உட்டா கழண்டுக்கும். எனக்குப் பயமா கீது, பேசாத. அவள அடிக்கச் சொல்லு." ஒரு மூச்சு வாங்கினாள். "அன்னிக்குக் கொழாயாண்ட நான் பேசினது தப்பு. அதயும் சொல்லு. இல்ல, நீ சொல்லாத, நானே நாலு மணிக்கு மேல சொல்லிக்கறேன்."

ஆனால் அவள் பேசியது கத்தலாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நெஞ்சுச்சளிக்கு நடுவில், விஜிக்கு எல்லாமே கேட்டது. அவளுக்கு எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடித்தாள்.

8

மணி மூன்று ஐம்பத்திரண்டு. முடிவு எழுதவேண்டும். என்னிடம் மூன்று இருக்கிறது.

முதலாவதில் நாலு அடிக்கிறது, வைஷ்ணவி "கங்கிராட்ஸ் விஜி" என்கிறாள், மழை விடுகிறது. எழுதிப் பார்த்தேன். என் கைக்கே கூச்சமாக இருந்தது, அவ்வளவு சுலபம்.

இரண்டாவதில் டிவி புகைகிறது. பிளாஸ்டிக் தாள் முதலில் சுருங்குகிறது. அன்னம்மாள் கீழே— இல்லை. இதை மூன்று வரிக்கு மேல் எழுத முடியவில்லை. சரசு எழுந்து வந்து பார்த்துவிட்டு, பேனாவைப் பிடுங்கி அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

மூன்றாவது நியாயமானது. அன்னம்மாள் கடைசி நிமிஷத்தில் பயந்து ஜாயிண்டைக் கழற்றிவிடுகிறாள். டிவி தப்பியது, அவளும் தப்பினாள், வேலை மட்டும் போயிற்று. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. விஜியே அதைத்தானே கேட்டாள்? பொறுப்புள்ள எழுத்தாளன் இதைத்தான் எழுதுவான். எழுத உட்கார்ந்தேன். "அன்னம்மாளின் பிடி தளர்ந்தது" என்று எழுதினேன்.

தளரவில்லை.

மறுபடி எழுதினேன். "அவள் கை மெல்ல—" மெல்லவும் இல்லை, வேகமாகவும் இல்லை. அவளுடைய பயத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். சாமி பெயர்கள் குழறின, உதடு வெளுத்தது, கை அப்படியே இருந்தது. மூன்று மாதமாக நான் சொன்னபடியெல்லாம் நின்றாள், உட்கார்ந்தாள், அப்பளம் பொரித்தாள். இதை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறாள்.

நான் இத்தோடு விலகிக்கொள்கிறேன், வாசகரே. இந்த விநாடி மின்னல் வெட்டிவிட்டது. இரண்டு ஜன்னலும் வெள்ளையாகிவிட்டன. இடி இன்னும் வரவில்லை. விஜி டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள், லைன் இருக்கிறது, நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம். அந்த இடியை உங்களிடம் தருகிறேன். சந்தில் போடுவீர்களோ, சந்து தாண்டி எங்கேயாவது வெட்டவெளியில் போடுவீர்களோ, உங்கள் பாடு. ஆனால் அன்னம்மாளைக் கையை எடுக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் எல்லா விதத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எடுக்கமாட்டாள்.